பாதி மின்சாரம் பராகுவேயுடையது: இட்டைப்பு ஒப்பந்தம் பேசுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரேசில், பராகுவே வெளியுறவு அமைச்சகங்களுக்கும், இட்டைப்பு இருநாட்டு நிறுவனத்தின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி துணை மின்நிலையங்களில்தான் போனது. உங்கள் பரானா நதியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் 1980களின் கடைசியில் ஒரு பயிற்சி வகுப்பில், எங்களுக்குப் பாடம் எடுத்தவர் கரும்பலகையில் ஒரு அணையை வரைந்து, இதில் பதினெட்டு டர்பைன், ஒன்பது 50 சைக்கிளில் மின்சாரம் தரும், ஒன்பது 60 சைக்கிளில் தரும் என்றார். (சைக்கிள் என்பது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. எங்கள் தலைமுறை ஹெர்ட்ஸ் என்று சொல்லாது, சைக்கிள் என்றுதான் சொல்லும்.) ஒரே நதி, ஒரே சுவர், இரண்டு விதமான மின்சாரமா என்று வகுப்பே கேட்டது. ஒரு பக்கம் பராகுவே, இன்னொரு பக்கம் பிரேசில், இரண்டு நாட்டு மின்கட்டமைப்பும் வேறு வேறு, அதனால் இயந்திரத்தையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றார். அன்றிலிருந்து அந்த இட்டைப்பு அணை பற்றி எது கிடைத்தாலும் படித்துக்கொண்டு வருகிறேன். அந்த அணையின் மின்சாரத்துக்கு யார் யாருக்கு என்ன கொடுப்பது என்று இப்போது நீங்கள் உட்கார்ந்து பேசுகிற இந்த விஷயத்தில் என் மனதில் இருப்பதை என் மொழியில் எழுதுகிறேன்.

முதலில், இதைப் படிக்கிற தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1864 முதல் 1870 வரை நடந்த போரில் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றும் சேர்ந்து பராகுவேயை நொறுக்கின. அதற்குப் பிறகு 1872இல் போட்ட எல்லை ஒப்பந்தம், பரானா நதியில் குவாய்ரா அருவிகள் இருந்த இடத்தில் கோடு எங்கே போகிறது என்பதில் தகராறுக்கு இடம் வைத்துவிட்டது. 1965இல் பிரேசில் படைகள் அந்த இடத்தில் வந்து நின்றன. 1966 ஜூன் மாதம் இரண்டு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் கையெழுத்துப் போட்டார்கள்: இந்த இடத்தில் மின்சாரம் எடுத்தால் அதை ஆளுக்குச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்று. 1973 ஏப்ரல் 26 அன்று பிரேசிலின் மெடிசியும் பராகுவேயின் ஸ்ட்ரோஸ்னரும் இட்டைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இரண்டு பேருமே ராணுவ ஆட்சியாளர்கள். இரண்டு நாட்டு மக்களிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. 1982 அக்டோபரில் மதகுகளை மூடினார்கள், இரண்டு வாரத்தில் நீர்த்தேக்கம் நிரம்பியது, தகராறு நடந்த நிலம், அந்த அருவிகள் எல்லாம் தண்ணீருக்கடியில் போயின. 1984இல் முதல் மின்சாரம் வந்தது. பிற்பாடு இன்னும் இரண்டு இயந்திரம் சேர்ந்து இருபதாகி, ஒவ்வொன்றும் 700 மெகாவாட் வீதம் மொத்தம் 14,000 மெகாவாட். 2016இல் மட்டும் 103 பில்லியன் யூனிட்டுக்கு மேல் உற்பத்தி செய்தது. ஒரு சப்ஸ்டேஷன்காரனுக்கு இந்த எண்ணைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும், பொய் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் பங்குக் கிணறு என்று ஒன்று உண்டு. அண்ணன் தம்பிக்கோ, பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கோ பொதுவாக ஒரு கிணறு இருக்கும். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. எனக்கு இந்தப் போகம் வெள்ளாமை இல்லையென்றால் என் முறைத் தண்ணீரை யாருக்கு வேண்டுமானாலும் விடலாம், அவர்களோடு பேசி ஒரு விலையும் வாங்கலாம். ஆனால் ஒரு பங்காளி, 'உன் முறைத் தண்ணீர் மிச்சமானால் எனக்கு மட்டும்தான் தரவேண்டும், வேறு யாருக்கும் தரக்கூடாது, அதற்கு விலை கிடையாது, விட்டுக்கொடுத்ததற்காக ஒரு சிறு தொகை தருகிறேன், அந்தத் தொகையும் பத்திரத்தில் எழுதியபடிதான்' என்றால் ஊரில் நாலு பேர் கேட்பார்களா இல்லையா? இட்டைப்பு ஒப்பந்தம் ஐம்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பதின்மூன்றாவது பிரிவு, பாதி உனக்குப் பாதி எனக்கு என்று சொல்லிவிட்டு, ஒருவர் பயன்படுத்தாததை வாங்கும் உரிமை மற்றவருக்கு உண்டு என்கிறது. அந்த வாக்கியம் இரண்டு நாட்டுக்கும் பொதுவாக எழுதப்பட்டதுதான். ஆனால் பிரேசிலுக்கு மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை. மிச்சம் வைத்திருந்தது அன்றைக்கு மின்விளக்கே குறைவாக இருந்த பராகுவே மட்டும்தான்.

பொதுவாக ஒரு கிரிட்டில் ஓடும் மின்சாரத்தைக் காட்டி இது யாருடையது என்று சொல்ல முடியாது. கம்பிக்குள் போனதும் எல்லாம் கலந்துவிடும். இட்டைப்பில் அப்படி இல்லை என்பதுதான் என்னை இத்தனை வருடமாகப் பிடித்து வைத்திருக்கிறது. பராகுவே 50 சைக்கிள், பிரேசில் 60 சைக்கிள். பிரேசில், நீங்களும் 60க்கு மாறிவிடுங்கள் என்று பராகுவேயிடம் கேட்டுப்பார்த்தது, பராகுவே மாட்டேன் என்றது. அதனால் பராகுவே பக்கத்து இயந்திரங்களிலிருந்து மிஞ்சுகிற 50 சைக்கிள் மின்சாரம் நேராக பிரேசில் கம்பிக்குள் போக முடியாது. அதை அணைக்குப் பக்கத்து பிரேசில் ஊரான ஃபோஸ் டோ இகுவாசுவில் நேர்மின்னோட்டமாக மாற்றி, 600 கிலோவோல்ட்டில் சுமார் 800 கிலோமீட்டர் கொண்டுபோய், சாவோ பாலோ பக்கத்தில் இபியூனாவில் மறுபடி 60 சைக்கிளாக மாற்றுகிறார்கள். இந்தியாவில் இன்று ராய்கரிலிருந்து புகளூருக்கு வருகிற நேர்மின்னோட்ட லைன் 800 கிலோவோல்ட். அந்தத் தொழில்நுட்பத்துக்கு உலகத்தில் பெரிய அளவில் வழி காட்டியவற்றில் ஒன்று உங்கள் இபியூனா லைன், அதற்காகவே உங்கள் பொறியாளர்களுக்கு என் வணக்கம். ஆனால் அதே லைன் ஒரு சாட்சியும்கூட. சாவோ பாலோவின் தொழிற்சாலைகளுக்கு அந்த நேர்மின்னோட்டக் கம்பியில் வந்தது பராகுவேயின் பங்கு. இது உன்னுடையதா என்னுடையதா என்று தெரியாமல் கலந்துபோய்விட்டது என்று யாரும் சொல்ல வழியில்லை. கையை நீட்டிக் காட்டலாம்.

அதற்கு என்ன கொடுத்தீர்கள்? பிரேசில் தரப்பு நண்பர்கள் எப்போதும் சொல்வது, நாங்கள் முழுக் கட்டணமும் கட்டித்தானே வாங்கினோம் என்று. கட்டியது உண்மை. ஆனால் அந்தக் கட்டணம் இட்டைப்பு நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து பெரும்பகுதி கடனுக்கும் வட்டிக்கும் போனது. பராகுவே தன் மின்சாரத்தை விட்டுக்கொடுத்ததற்காகத் தனியாகக் கையில் வாங்கியது 'ஈட்டுத்தொகை' என்ற சின்னப் பகுதி மட்டும். 2009 ஜூலை 25 அன்று பிரேசில் அதிபர் லூலாவும் அன்றைய பராகுவே அதிபர் லூகோவும் பராகுவே தலைநகர் அசுன்சியோனில் ஒப்புக்கொண்டு அதை மூன்று மடங்காக்கினார்கள், வருடத்துக்கு ஏறத்தாழ 120 மில்லியன் டாலர் என்பது 360 மில்லியன் ஆனது, 2011இல் பிரேசில் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரே கையெழுத்தில் மூன்று மடங்காக்க முடிந்ததென்றால், அதற்கு முந்தைய இருபத்தைந்து வருடம் கொடுத்தது எவ்வளவு குறைவு என்பதை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரிதானே.

கடன் கதையும் இருக்கிறது. 1980களின் நடுவிலிருந்து சில வருடங்கள், பிரேசில் விநியோக நிறுவனங்களுக்குச் சுமை கூடக்கூடாது என்று இட்டைப்பு மின்சாரத்தை அடக்கவிலைக்கும் கீழே விற்றார்கள். அந்தத் துண்டு விழுந்த தொகை கடனில் ஏறியது, அதற்கு வட்டியும் ஏறியது, 4 பில்லியன் டாலருக்கு மேல் போனது. பராகுவேயில் அதைப் போலிக் கடன் என்றே சொல்கிறார்கள். மலிவு விலையில் மின்சாரம் வாங்கியவர் ஒருவர், அந்த மலிவுக்கான கடனை இரண்டு பேரும் சேர்ந்து சுமந்தார்கள். எனக்கு இதில் சமாதானம் கிடைக்கவே இல்லை. எப்படியோ, 2023 பிப்ரவரியில் கடைசித் தவணையும் கட்டி முடிந்தது.

பிரேசில் பக்க நியாயத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. கடனுக்கு ஜாமீன் நின்றது பிரேசில். நிறுவனத்தின் மூலதனம் 100 மில்லியன் டாலரில் பராகுவே போடவேண்டிய 50 மில்லியனையே பிரேசில் அரசு வங்கியான பாங்கோ டோ பிரேசில்தான் கடனாகக் கொடுத்தது. அவ்வளவு பெரிய சந்தை பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த அணையை யாரும் கட்டியிருக்கவே மாட்டார்கள். பிரேசிலின் தெற்கிலும் தென்கிழக்கிலும் நடு மேற்கிலும் இருக்கிற சாதாரண வீட்டுக்காரர்கள் தங்கள் மின்கட்டணத்தில் இந்த அணையின் கடனை நாற்பது வருடமாக அடைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கடன் தீர்ந்தபிறகு கட்டணம் குறையவேண்டும் என்று கேட்க உரிமை உண்டு. எல்லாம் சரிதான். ஆனால் பெரிய பங்காளி ஜாமீன் போட்டார் என்பதற்காக, கடன் அடைந்தபிறகும் சின்னப் பங்காளி தன் பங்கை விலைபேச முடியாமல் இருக்கவேண்டும் என்று எந்த ஊர் நியாயமும் சொல்லாது. அணையே தன் மின்சாரத்தை விற்றுத் தன் கடனை அடைத்துவிட்டது.

இப்போது உங்கள் மேசையில் இருப்பது ஒப்பந்தத்தின் இணைப்பு 'சி'. பணக்கணக்கு எல்லாம் அதில்தான். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஐம்பது வருடம் கழித்து அதைத் திருத்தவேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது, அந்த நாள் 2023 ஆகஸ்டில் வந்துவிட்டது. 2024இல் நீங்கள் செய்தது, இணைப்பைத் திருத்துவதற்கு முன்னால் கட்டணத்தை மட்டும் பேசியது. கிலோவாட்டுக்கு மாதம் 19.28 டாலர், 2026 முடியும்வரை. 2024 கடைசிக்குள் இணைப்பைப் பேசி முடிப்போம் என்றும் சொன்னீர்கள். முடிக்கவில்லை. 2025 ஏப்ரலில், பிரேசிலின் உளவுத்துறை பராகுவே அதிகாரிகளின் கணினிகளுக்குள் புகுந்தது என்ற செய்தி வந்து, பராகுவே பேச்சை நிறுத்தித் தன் தூதரைக் கூப்பிட்டுக்கொண்டது. அந்த வேலை முந்தைய அதிபர் போல்சனாரோ ஆட்சியில் தொடங்கியது, லூலா அரசு தெரிந்ததும் 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டது என்று பிரேசில் விளக்கம் கொடுத்தது. யார் ஆட்சியில் நடந்தாலும், பேரம் பேசுகிற பங்காளியின் வீட்டுக் கணக்கு நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முழு விவரத்தையும் பிரேசில் அரசு வெளியில் வைக்கவேண்டும்.

நான் கேட்பதில் முதன்மையானது இதுதான்: பராகுவே தன் மிச்ச மின்சாரத்தை பிரேசிலின் தனியார் மின்சந்தையில் தனக்குப் பிடித்தவருக்கு, பேசி முடித்த விலைக்கு விற்க வழிசெய்யுங்கள். ஈட்டுத்தொகை என்ற சொல்லையே இணைப்பு 'சி'யிலிருந்து எடுத்துவிடுங்கள், விலை என்ற சொல்லைப் போடுங்கள். பிரேசில் வாங்கும் முதல் உரிமையை விடமாட்டேன் என்றால் அதுகூடப் பரவாயில்லை, ஆனால் சந்தை கொடுக்கிற அதே விலைக்கு அது வாங்கட்டும். அர்ஜென்டினாவுக்கோ உருகுவேக்கோ விற்கும் வாய்ப்பும் திறக்கவேண்டும். யசிரெத்தா அணையில் அர்ஜென்டினாவோடு பராகுவேக்கு இதே மாதிரி ஒரு கட்டு இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே கயிறு, ஆனால் அதைப்பற்றி எழுதினால் இன்னொரு மடல் ஆகிவிடும்.

இதை அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. ஆரம்ப வருடங்களில் பராகுவே தன் பங்கில் கொஞ்சம்தான் எடுத்தது. இப்போது தன் பாதியில் பாதிக்கு மேல் எடுக்கிறது. கோடையில் அசுன்சியோனில் ஏசி எல்லாம் ஓடும்போது நாட்டின் உச்சத் தேவை 5,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது. அதோடு ராப்பகலாகக் கணினிகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் எடுக்கிறவர்கள் வேறு மலிவு மின்சாரத்தைத் தேடி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மிச்சம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும் என்ற பேச்சு அங்கேயே இருக்கிறது. நீங்கள் ஐந்து வருடம் இழுத்தடித்து நியாயமான விலையை ஒப்புக்கொண்டால், அன்றைக்கு விற்பதற்கு எதுவும் இருக்காது. தாமதம் யாருக்கு லாபம் என்பது எல்லோருக்கும் புரிகிறது.

பராகுவே அரசுக்கும் எனக்குச் சொல்ல இருக்கிறது, கோபமாகவே சொல்கிறேன். இவ்வளவு பெரிய அணையில் பாதிக்குச் சொந்தக்காரராக இருந்துகொண்டு, உங்கள் நாட்டில் இன்னமும் எத்தனை வீடுகளில் விறகு அடுப்பு எரிகிறது? கோடை வந்தால் உங்கள் தலைநகரிலேயே மின்தடை. மின்சாரம் இல்லாமல் அல்ல, கொண்டுவரக் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் போதாமல். இட்டைப்பிலிருந்து வீஜா ஆயெஸுக்கு 500 கிலோவோல்ட் லைன் 2013இல்தான் வந்தது, அதுவும் மெர்கோசூர் என்ற தென் அமெரிக்க வணிகக் கூட்டமைப்பின் நிதியில். அணை ஓட ஆரம்பித்து இருபத்தொன்பது வருடம் கழித்து! சப்ஸ்டேஷனில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த மின்வாரியத்துக்கும் உற்பத்தியைவிட விநியோகத்தில்தான் மானம் போகும். அண்டை நாட்டிடம் நியாயமான விலை கேட்கிற வாய் முதலில் சொந்த வீட்டுக்குக் கம்பி இழுக்கவேண்டும், அப்போதுதான் கேட்பதில் பலம் இருக்கும்.

கட்டணத்தைக் குறைக்காமல் 19.28இல் நிறுத்தியதால் வருகிற உபரிப் பணம், இரண்டு பக்கமும் 'சமூகச் செலவு' என்ற தலைப்பில் நிறுவனத்தின் கையில் போகிறது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று நல்ல செலவுகளும் அதில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நாட்டிலும் நாடாளுமன்ற வரவுசெலவுத் திட்டத்துக்குள் வராமல் இயக்குநர்கள் கையெழுத்தில் போகிற பணம் அது. ஆட்சியில் இருக்கிறவருக்குத் தேர்தல் சமயத்தில் அதைவிட வசதியான பெட்டி வேறு எது? அந்தப் பணத்தை ஒவ்வொரு நாட்டின் பட்ஜெட்டுக்குள் கொண்டுவாருங்கள், அல்லது கட்டணத்தைக் குறையுங்கள். இரண்டில் ஒன்று.

2019ஐ மறந்துவிடாதீர்கள். அந்த வருடம் மே 24 அன்று இரண்டு நாட்டு அதிகாரிகள் பிரேசிலியாவில், பராகுவே இட்டைப்பிலிருந்து எவ்வளவு மின்சாரத்துக்குப் பணம் கட்டவேண்டும் என்பது பற்றி, சத்தமில்லாமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பராகுவேயின் மின்வாரியத்துக்கு அதனால் 200 மில்லியன் டாலருக்கு மேல் கூடுதல் செலவு என்று கணக்கிட்டார்கள். மின்வாரியத் தலைவர் பெட்ரோ ஃபெரேரா அதற்கு உடன்படாமல் பதவியை விட்டு விலகினார், விஷயம் வெளியே வந்தது, ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், வெளியுறவு அமைச்சர் பதவி போனது, அதிபர் மாரியோ அப்தோ பெனிதெஸைப் பதவி நீக்கம் செய்யும் அளவுக்குப் போனது, ஆகஸ்ட் 1 அன்று அந்தக் காகிதம் ரத்தானது. ஒரு மின்வாரியத் தலைவர் தன் நாட்டுக்கு நஷ்டம் என்று தெரிந்து நாற்காலியை விட்டு எழுந்து போனார் என்பதைப் படித்த அன்று, அதே துறையில் இருந்தவன் என்பதால் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அவர் மாதிரி ஒருவர் இல்லாமல் போயிருந்தால்?

அப்புறம், இந்தப் பேச்சில் யாருமே கூப்பிடாத ஒரு தரப்பு இருக்கிறது. அணை நிரம்பியபோது ஆவா குவாரானி என்ற பழங்குடி மக்களின் ஊர்கள் நதியின் இரு கரையிலும் மூழ்கின. பிரேசில் பக்கத்தில் 2025இல்தான் ஒரு உடன்பாடு வந்தது: இட்டைப்பு 240 மில்லியன் ரெயால் செலவில் சுமார் 3,000 ஹெக்டேர் நிலம் வாங்கித் தரவேண்டும், மன்னிப்பும் கேட்கவேண்டும் என்று. நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு. பராகுவே கரையில் இழந்தவர்களுக்கும் அதே அளவு நிலமும் மன்னிப்பும் வேண்டும், அதை இந்தத் திருத்தத்தோடு சேர்த்தே எழுதுங்கள். பெரிய எண்களைப் பேசும்போது இதைத் தனி விஷயம் என்று ஒதுக்கிவைப்பதுதான் வழக்கம், எல்லா நாட்டிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். இந்த முறையாவது வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். 1973 ஒப்பந்தம் போர்ச்சுகீசிலும் ஸ்பானியத்திலும் எழுதப்பட்டது. பராகுவேயில் பெரும்பாலான மக்கள் வீட்டில் பேசுகிற மொழி குவாரானி, 1992 அரசியல் சட்டத்திலிருந்து அதுவும் ஆட்சிமொழி. அந்த அணையின் பெயரே குவாரானிச் சொல், பாடும் கல் என்று பொருள் சொல்கிறார்கள். புதிய இணைப்பின் வரைவைக் கையெழுத்திடுவதற்குக் குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்னால் மூன்று மொழியிலும் வெளியிடுங்கள். பராகுவேயில் ஒரு கிராமத்து ஆசிரியரும் பிரேசிலின் பரானா மாநிலத்தில் ஒரு பால்காரரும் உட்கார்ந்து படித்து, விலை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி கேட்க நேரம் கிடைக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவர்